தப்பிய குண்டு எங்கே போனது

காட்டுப்பன்றி சுட எந்தத் தோட்டா நல்லது என்று கேட்டுக்கொண்டு போன மாதம் ஒரு வனச்சரகர் என் வீட்டுக்கு வந்தார். பெயர் சுகன்யா. காப்புக்காட்டை விட்டு வெகுதூரம் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று அரசு சொல்லிவிட்டது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மக்காச்சோளம் போட்டவர்கள் எல்லாரும் இப்போது அவருடைய அலுவலக வாசலில் நிற்கிறார்கள்.

"துப்பாக்கி ரெண்டு வகை கைக்கு வரும்போல இருக்கு மேடம். முன்னூத்திப் பதினஞ்சு ஒண்ணு, தேர்ட்டி நாட் சிக்ஸ் ஒண்ணு. எது நல்லதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க ஆயுசு பூரா குண்டப் பாத்தவுகன்னு சொன்னாங்க" என்றார்.

அது உண்மைதான். தடய அறிவியல் ஆய்வகத்தில் துப்பாக்கிப் பிரிவில்தான் என் உத்தியோகம் முழுவதும் கழிந்தது. அருப்புக்கோட்டையில் பிறந்து, இயற்பியல் படித்து, பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்குக் காத்திருந்தபோது இந்த வேலை கிடைத்தது. வீட்டில் யாருக்கும் இது என்ன வேலை என்று புரியவில்லை. சபையில் போதகர் மட்டும், "எஸ்தர் போலீஸ்ல பரிசோதனை பண்ணுது" என்று பொதுவாகச் சொல்லி வைத்திருந்தார். முதல் சில வருடங்கள் சுட்ட குண்டைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுப்பது, துடைப்பது, நிறுப்பது, உருப்பெருக்கியில் இரண்டு குண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துப்பாக்கிக் குழல் கீறிய கோடுகளை ஒப்பிடுவது என்று போயின. கற்றுக்கொண்டேன். அதற்குமேல் அந்த நாள்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சபேசன் சாரைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. எங்கள் பிரிவின் தலைவர். என்னைவிடக் கொஞ்ச வயதுதான் மூத்தவர். ஆய்வகத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். வழக்குப் பொட்டலம் வந்தால் முதல் தகவல் அறிக்கையைத் தொடமாட்டார். "பேரு அப்புறம். முதல்ல பொருள்" என்பார். வெள்ளைத் துணி விரித்து, குண்டை அதில் வைத்து, வெகுநேரம் சும்மா பார்ப்பார். அப்புறம்தான் எடைத்தட்டு. நாங்கள் எழுதிக் கொடுக்கும் முடிவுகளில் 'நிச்சயமாக', 'சந்தேகமின்றி' போன்ற சொற்களைப் பென்சிலால் அடித்துவிடுவார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து ஒரே கேள்வி கேட்பார்: "வேற எப்படி நடந்திருக்கலாம்?" அதற்குப் பதில் இல்லாமல் அவர் மேசையை விட்டு எந்த அறிக்கையும் வெளியே போனதில்லை. எங்களில் சிலருக்கு அது எரிச்சல். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. வீட்டில் பால் திரிந்துபோனால்கூட அப்படிக் கேட்டுப் பார்ப்பேன்.

சுகன்யாவிடம் நான் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 315 தோட்டாவின் குண்டு தடிமன், எடை அதிகம், மூக்கு மொண்ணை, வேகம் குறைவு. தேர்ட்டி நாட் சிக்ஸின் குண்டு சற்று ஒல்லி. பின்னால் மருந்து அதிகம், வேகம் மிக அதிகம். வேகமான குண்டு ஆழமாகப் போகும், மெதுவானது பாதியில் நிற்கும் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, பரளச்சிப் பக்கத்து வழக்கு வரும்வரை.

அந்த ஊரில் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் குருசாமி மக்காச்சோளம் போட்டிருந்தார். பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கிய 315 துப்பாக்கி அவரிடம் இருந்தது. தம்பி பாண்டியன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவரிடம் இருந்தது தேர்ட்டி நாட் சிக்ஸ். சோளக்காட்டை ஒட்டிக் கண்மாய். தண்ணீர் நின்று பல காலம் ஆகி, உள்ளே சீமைக் கருவேலம் அடர்ந்து கிடந்தது. பகலில் பன்றிகள் அதற்குள் படுத்திருக்கும். பொழுது சாயும்போது கரை ஏறி இறங்கிச் சோளத்துக்குள் வரும். அப்படி வந்த ஒரு பன்றியை நோக்கி ஒரு சாயங்காலம் இருவரும் ஆளுக்கு ஒரு தடவை சுட்டார்கள். பன்றி விழுந்தது. கருப்பையா என்பவரும் விழுந்தார். கண்மாய்க்குள் கருவேலம் வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி எரித்துக் கரிமூட்டம் போடுகிறவர். டிராக்டரில் தூக்கிப் போட்டுத் திருச்சுழி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

பன்றியைச் சுட்டதற்கு ஒரு வழக்கு, மனிதர் இறந்ததற்கு ஒரு வழக்கு. விசாரணை அதிகாரியாக இருந்த எஸ்.ஐ. பொட்டலத்தோடு நேரே ஆய்வகத்துக்கு வந்தார். மனிதர் களைத்துப் போயிருந்தார்.

"இத்தன வருசத்துல இப்படி ஒரு கேஸப் பாக்கல மேடம். 'நான் சுடல, நான் சுடல'ன்னுதான் எல்லாவனும் சொல்லுவான். இங்க அண்ணன் 'என் குண்டுதான்'ங்காரு. தம்பி 'இல்ல, என் குண்டுதான்'ங்காரு."

அண்ணனுக்குச் சர்க்கரை முற்றிக் கால் விரல் எடுத்திருந்தது. ஜெயிலுக்குப் போனால் திரும்பமாட்டார் என்று தம்பிக்குப் பயம். தம்பிக்குப் பென்ஷன் போய்விடும், கல்யாண வயதில் இரண்டு பெண்கள் என்று அண்ணனுக்குக் கவலை. இரண்டு பேரும் ஒன்றை மட்டும் ஒரே மாதிரி சொன்னார்கள்: பன்றி சோளக்காட்டுக்குள் நின்றது, அதன் பின்னால் கருப்பையா குனிந்து கதிர் ஒடித்துக்கொண்டிருந்தார், சோளத்தட்டை மறைப்பில் ஆள் இருப்பது தெரியவில்லை.

"கோர்ட்டு கேக்குறது எந்தத் துப்பாக்கின்னுதான்" என்றார் எஸ்.ஐ.

சபேசன் சார் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் குண்டைத் துணியில் வைத்தார். கருப்பையாவின் உடம்பிலிருந்து எடுத்தது. மூக்கு விரிந்து காளான் மாதிரி மடங்கியிருந்தது. மடிப்புக்குள் ஏதோ கறுப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது. சிறு இடுக்கியால் மெல்ல இழுத்தேன். மயிர். மனித மயிர் அவ்வளவு முரடாக இருக்காது. பன்றியின் முள்மயிர்.

ஆக, அது பன்றிக்குள் நுழைந்து வெளியே வந்த குண்டு. அடிப்பகுதி நசுங்கவில்லை. விட்டம், எடை, பக்கவாட்டுக் கோடுகள் எல்லாம் பார்த்தோம். அண்ணனின் 315. தொட்டியில் சுட்டு எடுத்த மாதிரிக் குண்டோடு உருப்பெருக்கியில் வைத்தபோது கோட்டோடு கோடு போய் உட்கார்ந்தது. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. ஒரு கிடாப் பன்றியின் இரண்டு விலாவையும் துளைத்து வந்த மொண்ணைக் குண்டுக்கு இன்னொரு உயிரை எடுக்கத் தெம்பு எங்கிருந்து வந்தது? சபேசன் சாரிடம் கேட்டேன்.

"எனக்கும் தெரியாது. போட்டுப் பாருங்க" என்றார்.

கறிக்கடையில் இரண்டு முழுப் பன்றி சொல்லி வைத்தேன். கடைக்காரர், "என்ன விசேஷம்மா, வீட்டுல கல்யாணமா?" என்று கேட்டார். சுடப்போகிறோம் என்று சொன்னதும், "சுட்டும் திங்கலாம், வறுத்தாத்தான் ருசி" என்றார். அவர் நினைத்த சூடு வேறு. நான் திருத்தவில்லை.

மலையடிவாரத்தில் போலீஸ் சுடும் மைதானம். பன்றியைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் பின்னால் நனைத்த செய்தித்தாள் கட்டுகளை வரிசையாக அடுக்கினோம். முதலில் தேர்ட்டி நாட் சிக்ஸ். பாண்டியன் வீட்டில் கைப்பற்றிய அதே வகைத் தோட்டா. உள்ளே போன துளை சுண்டுவிரல் அளவு. வெளியே வந்த இடம் கிழிந்து தொங்கியது. முதல் கட்டுத் தாளைப் பிரித்தால் செம்பு உறைத் துணுக்குகளும் ஈயப் பொடியும்தான். அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. வேகமே அதை உடைத்துவிட்டது. எல்லா தேர்ட்டி நாட் சிக்ஸ் குண்டும் இப்படி உடையும் என்று நான் சொல்லமாட்டேன். கெட்டியான உறை போட்ட வகையும் உண்டு. அந்த வகை, அந்தக் கிட்டத்தில், உடைந்தது.

பிறகு 315. சத்தம்கூட அதைவிடக் குறைவு. பன்றியின் இரண்டு பக்கமும் ஒழுங்கான துளை. தாளைப் பிரித்துக்கொண்டே போனேன். முதல் கட்டில் இல்லை. இரண்டாவதில் இல்லை. கடைசிக் கட்டின் நடுவில், எங்கள் பொட்டலத்தில் வந்ததைப் போலவே காளானாக மடங்கி, ஏறக்குறைய முழு எடையோடு கிடந்தது. மெதுவாகப் போனதால் உடையவில்லை. உடையாததால் போய்க்கொண்டே இருந்தது. கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். சுட்டுக் கொடுத்த காவலர், "மேடம், வெயிலு" என்று குடை பிடித்தார்.

சுகன்யாவிடம் இதைத்தான் சொன்னேன். கனமான குண்டு பன்றியோடு நிற்காது. பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதைச் சுடக்கூடாது. வேகமான குண்டு குறி தப்பினால் வெகுதூரம் போகும்; அதற்கும் பின்னால் மண் வேண்டும். எது நல்லது என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான் வரும். அவர் கேட்டுக்கொண்டார்.

வழக்குக்கு வருகிறேன். அறிக்கையை எழுதி முடிக்கும் முன் பன்றியின் பிரேதப் பரிசோதனைப் படங்களை வரவழைத்தேன். வேண்டியது துளையின் அளவுதான். அந்தக் கால்நடை மருத்துவர் கவனமான மனிதர். பன்றியை நிமிர்த்திக் கட்டி, இரண்டு துளைக்கும் குறுக்கே ஒரு ஈர்க்குச்சியைச் செருகிப் படம் எடுத்திருந்தார். அந்த ஈர்க்குச்சி சாய்ந்திருந்தது. குண்டு நுழைந்த இடது விலாவில் துளை கீழே. வெளியேறிய வலது விலாவில் துளை மேலே.

மேசையில் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நின்றபடி ஒருவர் தோளில் துப்பாக்கி வைத்துச் சுடுகிறார். பன்றி முழங்காலுக்குச் சற்று மேல் உயரம். சுட்டவரும் பன்றியும் ஒரே சமதரையில் இருந்தால் குண்டு மேலிருந்து கீழே இறங்க வேண்டும். இது ஏறியிருக்கிறது. அப்படியென்றால் பன்றி சுட்டவரைவிட உயரத்தில் நின்றிருக்க வேண்டும். சோளக்காட்டில் உயரம் எது?

சபேசன் சாரிடம் கொண்டு போனேன். படத்தைப் பார்த்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

"வேற எப்படி நடந்திருக்கலாம்?"

"பன்னி ஒரு பக்கமா சாஞ்சு ஓடியிருக்கலாம் சார்."

"அப்புறம்?"

"சுட்டவரு உக்காந்து சுட்டிருக்கலாம். எலும்புல பட்டுத் திரும்பியிருக்கலாம்."

"மூணு வழி நீங்களே சொல்லிட்டீங்க. எந்தத் துப்பாக்கின்னுதான் கேட்டிருக்காங்க எஸ்தர். அதுக்குப் பதில் இருக்கு. ஈர்க்குச்சியை வெச்சு ஒரு மனுஷன் எங்க நின்னான்னு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தவறு இல்லை. வீட்டுக்குப் போய்த் துணி காயப் போடும்போதுதான் அது தோன்றியது. சுட்டது இரண்டு குண்டு. பன்றியைத் துளைத்தது ஒன்று. எல்லாரும் பட்ட குண்டையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். தம்பி சுட்ட இன்னொரு குண்டு எங்கே போனது? அது எந்தத் திசையில் போனதோ அந்தத் திசையில்தானே பன்றி நின்றிருக்கும்?

மறுநாள் சபேசன் சாரிடம் இதைக் கேட்டேன். ஜீப்புக்கு அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எஸ்.ஐ.யோடு அந்தச் சோளக்காட்டுக்குப் போனேன். சோளத்தட்டை அறுத்து முடிந்திருந்தது. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சகோதரர்கள் நின்றதாகக் காட்டிய வரப்பில் நின்று பார்த்தேன். எதிரே கண்மாய்க் கரை, ஆள் உயரத்துக்கும் கூடுதல். அதுதான் அங்கே இருந்த ஒரே உயரம்.

எங்களைப் பார்த்து ஒரு பெண் கரைமேல் வந்து நின்றார். கருப்பையாவின் மனைவி பேச்சியம்மாள் என்று எஸ்.ஐ. சொன்னார். நான் கரை ஏறிப் போனேன். மறுபக்கம் இறக்கம் குறைவு. கண்மாய்க்குள் வண்டல் மேடிட்டுக் கரையின் பாதி உயரத்துக்கு வந்திருந்தது. கரையை ஒட்டிச் சில எட்டு தூரத்தில் வட்டமாகச் சாம்பல்.

"இதுதாம்மா அவுக போட்ட மூட்டம். ஆளு ஒசரத்துக்கு இருந்துச்சு. ரெண்டு பேரும் சேந்து அடுக்குனோம். பொழுது சாயப் புகை கசியும். அப்ப மேல ஏறி நின்னு ஈர மண்ண அப்பணும். அப்பாம விட்டா காத்துப் புகுந்து பூராம் எரிஞ்சு போகும். அன்னிக்கு ஆளில்லாம எரிஞ்சு போச்சு. ஒரு சாக்குக் கரி தேறல."

"அன்னைக்கு அவரு கீழ காட்டுக்குள்ள போனாரா?"

"எதுக்குப் போவாக? கசியுற மூட்டத்த விட்டுட்டு யாராச்சும் போவாகளா? இத நான் சொன்னா யாரு கேக்குறா? சோளம் களவாங்கப் போயிச் செத்தவன் பொண்டாட்டின்னு களையெடுக்கக்கூட என்னைக் கூப்பிட மாட்டேங்காக."

எனக்குத் தெரிந்ததும் தெரியாததும் கலந்து கிடந்த நேரம் அது. அவருக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. கரையின் சோளக்காட்டுப் பக்கச் சரிவில், உச்சியிலிருந்து கீழே வரை கயிறு கட்டிக் கட்டம் போட்டோம். காவலர்கள் ஒவ்வொரு கட்டமாக மண்ணைக் கொத்தினார்கள். ஊரிலிருந்து கடலைச் சல்லடை இரண்டு வாங்கி வந்து சலித்தோம். கல், நத்தை ஓடு, ஒரு பழைய வளையல் துண்டு. எஸ்.ஐ. பொறுமை இழந்து, "மேடம், கெடைக்காட்டி என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"கெடைக்கலன்னு எழுதுவேன்" என்றேன்.

உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு கட்டத்தில், முழங்கை ஆழத்தில், சல்லடையில் ஏதோ மினுங்கியது. செம்பு உறை, கிழிந்து சுருண்டு, பூவிதழ் மாதிரி. கெட்டி மண்ணில் பட்டுச் சிதறிய வேகக் குண்டு. அதன் அடிவட்டம் மட்டும் தப்பியிருந்தது. எனக்கு அது போதும்.

ஆய்வகத்தில் அந்த அடிவட்டத்துக்கு மேலே எஞ்சிய ஒரு துண்டுக் கோட்டைப் பாண்டியனின் துப்பாக்கியில் சுட்ட மாதிரியோடு ஒப்பிட்டேன். பொருந்தியது. சபேசன் சாரைக் கூப்பிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உருப்பெருக்கியில் கண்ணை வைத்தார். தலையைத் தூக்காமலே, "வேற எப்படி நடந்திருக்கலாம்?" என்றார்.

"வேற ஒரு நாள் அந்தத் துப்பாக்கியால கரையில சுட்டிருக்கலாம் சார்."

"எழுதுங்க. அதையும் எழுதுங்க. மிச்சத்தையும் எழுதுங்க."

அறிக்கையில் அவர் ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

சாட்சி சொல்ல நானே போனேன். சகோதரர்களுக்காக வந்த வக்கீல் திறமையானவர். "நீங்க சம்பவத்தைப் பாத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். "வேற ஒரு நாள் சுட்ட குண்டா இருக்கலாம்னு நீங்களே எழுதியிருக்கீங்க?" ஆமாம் என்றேன். "அப்ப பன்றி கரையில நின்னதுன்னு உங்களால சொல்ல முடியாது?"

"ஒரு குண்டை மட்டும் வெச்சு முடியாதுங்க. பன்றி உடம்புல குண்டு ஏறிப் போயிருக்கு. அதே கோட்டை நீட்டினா கரைக்கு அந்தப் பக்கம் மூட்டத்துக்கு மேல போகுது. தப்பின குண்டு கரை உச்சிக்குக் கீழ கெடைச்சிருக்கு. சோளக்காட்டுக்குள்ள பன்றி நின்னிருந்தா இந்த மூணும் தனித்தனியா, தற்செயலா நடந்திருக்கணும். அப்படி நடக்கவே நடக்காதுன்னு நான் சொல்லல."

நீதிபதி எழுதிக்கொண்டிருந்தார். கூண்டில் நின்ற குருசாமி அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஐயா, அந்தம்மா சொல்றது சரிதான். பன்னி கரையிலதான் நின்னுச்சு" என்றார்.

பாண்டியன் அவர் கையைப் பிடித்தார். "ண்ணே, பேசாம இரு."

"விடுலே. கரை மேல வெளிச்சத்துல நல்லாத் தெரிஞ்சுது. சுட்டுட்டேன். அந்தப் பக்கம் கருப்பையா மூட்டம் இருக்குன்னு தெரியும். அந்த நேரத்துக்கு நெனப்பு வரல. சத்தம் கேட்டு ஏறிப் பாத்தா மூட்டத்து மேல சரிஞ்சு கெடந்தாப்ல. காட்டுக்குள்ள கெடந்தான்னு சொல்லுவோம்னு நாந்தேன் தம்பிகிட்டச் சொன்னேன். கதிர் ஒடிச்சான்னு சொன்னதும் நாந்தேன்."

அவருக்கு உட்கார நாற்காலி கொடுக்கச் சொன்னார் நீதிபதி. கவனமின்றி உயிர்ச்சேதம் விளைவித்ததற்காக அண்ணனுக்குச் சிறை. உடல்நிலையைப் பார்த்துக் குறைத்தார்கள். பொய் சொன்னதற்கும் பன்றிக்கும் சேர்த்துத் தம்பிக்கும் தண்டனை வந்தது. பென்ஷன் போகவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

நான் சாட்சி சொன்ன அன்று மத்தியானம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பேச்சியம்மாளைப் பார்த்தேன். திருச்சுழி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரி செய்துகொண்டு பக்கத்தில் வந்தார். ஏதோ ஒன்றை நெடுநாளாகக் கேட்க வைத்திருந்தவர் மாதிரி கேட்டார்.

"ஏம்மா, குண்டப் பாத்து எல்லாம் சொல்லுதீகளே. அவுக எந்தப் பக்கம் பாத்து நின்னாகன்னு தெரியுமா?"

தெரியும். குண்டு முதுகில், இடுப்புக்குச் சற்று மேல் நுழைந்திருந்தது.

"கரைக்கு முதுகு காட்டி நின்னுருக்காரும்மா. கெழக்கப் பாத்து. குனிஞ்ச மாதிரி."

"அப்ப சுட்டவுகள அவுக பாத்துருக்க மாட்டாக."

"பாத்திருக்க மாட்டாரு."

அவர் பஸ் வரும் திசையைப் பார்த்தார். "அந்த மாசத்துக் காத்துக்குக் கெழக்குப் பக்கந்தேன் கசியும்" என்றார். "கையில மண்ணு இருந்துருக்கும்."

பஸ் வந்தது. கூட்டத்தில் முட்டி ஏறி, ஜன்னலோரம் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தார். அந்தப் பெண் எந்த ஊர் என்று கேட்டிருப்பார்போல. பேச்சியம்மாள் ஊர்ப் பெயரைச் சொன்னார். பிறகு, யாரும் கேட்காமலே, வெளியே நின்ற எனக்கும் கேட்கும்படி, "எங்க வீட்டுக்காரரு மூட்டத்து மேல நின்னு மண்ணு அப்பிக்கிட்டு இருந்தாக. அப்பத்தேன் குண்டு பட்டுச்சு" என்று சொல்லத் தொடங்கினார்.